பத்து எடம் வேண்டாம், ரெண்டு குன்று போதும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்,

லீவு நெருங்குனாலே உங்க பேப்பர்லயும் சரி மத்த பேப்பர்லயும் சரி, கன்னியாகுமரி மாவட்டத்துல பாக்க வேண்டிய எடங்கள்னு ஒரு பக்கம் வந்துரும். சூரிய உதயம், விவேகானந்தர் பாறை, திருவள்ளுவர் சிலை, சுசீந்திரம், வட்டக்கோட்டை, பத்மநாபபுரம், திற்பரப்பு, மாத்தூர்னு வரிசையா போட்டுட்டு கடைசியில ஒரு வரி, இது எல்லாத்தையும் ஒரே நாள்ல பாத்து முடிச்சுரலாம்னு. அந்தக் கடைசி வரியப் பத்திதான் இந்த லெட்டர். எழுதுனவங்க மேல கோவம் ஒண்ணும் இல்ல, ஆனா அவங்க எழுபது தாண்டுன ஆளையும் பத்து வயசு தாண்டாத ஆளையும் ஒரே கார்ல ஏத்திக்கிட்டு அந்த லிஸ்ட்டோட கெளம்பிப் பாத்ததில்லன்னு மட்டும் நிச்சயமா சொல்லுவேன்.

நாகர்கோவில்ல வீடு இருந்தா என்ன ஆகும்னு இங்க உள்ளவங்களுக்குத் தெரியும். சென்னையில இருந்தும் பெங்களூர்ல இருந்தும் சொந்தக்காரங்க வருவாங்க, வந்தா நம்மதான் டிரைவர், நம்மதான் கைடு, நம்மதான் ஓட்டல். விடிய முன்ன எழுப்பிவிட்டு சன்ரைஸ், மேகம் மறைச்சிருச்சுன்னா அதுக்கும் நம்மளத்தான் பாப்பாங்க, அப்புறம் படகுக்கு கியூ, 2024 டிசம்பர் 30ஆம் தேதி கண்ணாடிப் பாலம் திறந்ததுக்கு அப்புறம் அத பாக்காம யாரும் போறதில்ல, வெளிய வரும்போது உச்சி வெயில் மண்டையப் பொளக்கும், சுசீந்திரம் போனா நடை சாத்தியிருக்கும், பத்மநாபபுரம் அரண்மனைக்கு திங்கக்கிழமை லீவுன்னு எத்தன தரம் சொன்னாலும் வாறவங்களுக்கு திங்கக்கிழமதான் அங்க போகத் தோணும், சாயங்காலம் திற்பரப்புல குளிச்சுட்டு ஈரத்துணியோட வீட்டுக்கு வந்து ஆளுக்கொரு மூலையில படுத்துருவோம். போட்டோ ஆயிரம் இருக்கும். என்ன பாத்தன்னு பிள்ளைங்ககிட்ட கேட்டா ஐஸ்கிரீம்ங்கும்.

இந்த அரையாண்டு லீவுக்கு வெளியூர்ல இருந்து யாரும் வரல. ஐயப்ப சாமிமாரு சீசன் வேற, கன்னியாகுமரி பக்கம் தலையே காட்ட முடியாது. அப்பதான் எங்க மாமனாரு சொன்னாரு, "மக்ளே, நம்ம ஊர நம்மளா ஒரு நாள் போயி பாப்பமே, ஆனா ஓட்டம் வேண்டாம், ரெண்டே எடம், ரெண்டும் உசரத்துல இருக்கணும், போயி உக்காந்து காத்து வாங்கணும், அவ்வளவுதான்"னு. மாமா சொன்னா எங்க வீட்டுல மறுபேச்சு கெடையாது. காலைல சிதறால் மலைக்கோயில், சாயங்காலம் முட்டம் லைட் ஹவுஸ்னு முடிவாச்சு. ரெண்டும் குன்று, ரெண்டு மேலயும் ஒரு கோபுரம் உண்டு. ஒண்ணு ஆயிரம் வருசத்துக்கு மேல பழமையான மலைக்கோயில் பாறைக்கு மேல பாதி இடிஞ்சு நிக்கிற செங்கல் கோபுரம், இன்னொண்ணு வெள்ளக்காரன் காலத்துல இருந்து ராத்திரி தவறாம வெளக்கு போடுற கோபுரம். சின்னவன், "டவர்னா நம்ம மணிமேடை மாதிரியா"ன்னு கேட்டான். அவனுக்குத் தெரிஞ்ச பழைய டவர் அது ஒண்ணுதான், 1893ல கட்டுனது, டெய்லி ஸ்கூல் போற வழியில பாக்கான். மத்ததெல்லாம் செல்போன் டவர்.

ஆள் கணக்கு சொல்லிருதேன், அது இருந்தாத்தான் மத்தது புரியும். முட்டுவலி உள்ள எங்க அம்மா, கைத்தடி வச்சிருக்க மாமா, நான், வீட்டுக்காரரு, எட்டாங்கிளாஸ் படிக்குற மக, நாலாங்கிளாஸ் பையன். புளிச்சோறு, தேங்காத் துவையல், தயிர்சோறு, அவிச்ச முட்டை, ஒரு சீப்பு மட்டிப்பழம், அம்மா செஞ்ச முந்திரிக்கொத்து, பிளாஸ்க்குல கருப்பட்டிக் காப்பி. மட்டிப்பழத்துக்கு 2023ல புவிசார் குறியீடு கெடச்சப்ப என்னவோ புதுசா கண்டுபிடிச்ச மாதிரி எல்லாரும் பேசுனாங்க, நம்ம ஊர்ல பிறந்த பிள்ளைக்கு முதல்ல ஊட்டுற பழமே அதுதான.

ரோட்டப் பத்தி அதிகம் எழுதல, எழுதுனா லெட்டர் முழுக்க அதுவே ஆயிரும். தக்கலையில நின்னோம், அழகியமண்டபத்துல நின்னோம், மார்த்தாண்டத்துல மேம்பாலம் இருந்தும் கீழ நின்னோம், ஏன்னா எங்களுக்கு கீழ திரும்பணும். மார்த்தாண்டத்துல இருந்து சிதறால் ஒரு ஏழு கிலோமீட்டர்தான். மெயின் ரோட்ட விட்டுத் திரும்புன உடனே ரெண்டு பக்கமும் ரப்பர், வாழை, தெங்கு, ஏசிய அணைச்சுட்டு கண்ணாடிய இறக்கிட்டோம்.

மலைன்னு பேரு இருக்கே தவிர மருந்துவாழ்மலை மாதிரி பாறையில தொத்தி ஏற வேண்டிய எடம் இல்ல இது. அடிவாரத்துல இருந்து மேல வரைக்கும் கல்லு பாவுன நடபாதை, சரிஞ்சு சரிஞ்சு போகும், மரநிழல் உண்டு, நடுவுல நடுவுல உக்காரவும் எடம் உண்டு. இருந்தாலும் அம்மா கீழ நின்னு மேல பாத்துட்டு, "நான் கார்லயே இருக்கேன், நீங்க போயிட்டு வாங்க"ன்னாங்க. எந்த அம்மாவும் சொல்லுறதுதான். மாமா தடிய ஊனிக்கிட்டு, "மதினி, நமக்கு பஸ்ஸு பிடிக்கவா வேணும், உக்காந்து உக்காந்து போவோம், வாங்க"ன்னு முன்னால நடந்தாரு. அவரு கூப்பிட்டா சம்பந்தி மரியாதைக்காவது போகணும்லா, அம்மா சேலைய இடுப்புல சொருகிட்டு கெளம்பிட்டாங்க.

அப்படியே உக்காந்து உக்காந்துதான் ஏறுனோம். ஒரு எடத்துல முந்திரிக்கொத்து, ஒரு எடத்துல காப்பி, ஒரு எடத்துல சும்மா. அம்மாவும் மாமாவும் ரெண்டு பேருக்கும் தெரிஞ்ச ஆட்கள் யாரு யாரு போயிட்டாங்க, யாரு யாரு இருக்காங்கன்னு கணக்கு எடுத்துட்டு இருந்தாங்க. நாங்க பாதி வழியில உக்காந்திருக்கும்போது ஒரு வேன் நெறைய பையன்மாரு எங்களத் தாண்டி ஓடி ஏறுனானுவ, நாங்க மேல போயிச் சேருறதுக்குள்ள அவனுவ எறங்கியும் வந்துட்டானுவ. "மேல என்னப்பா இருக்கு"ன்னு மாமா கேட்டாரு. "ஒண்ணும் இல்ல தாத்தா, ஒரு பழைய கோயிலு, வியூ நல்லாருக்கு"ன்னான் ஒருத்தன். அடுத்து எங்க போறீங்கன்னு கேட்டதுக்கு மாத்தூர், திற்பரப்பு, பேச்சிப்பாறைன்னு அடுக்குனான். நான் மொதல்ல சொன்ன லிஸ்ட்டு அவன் கையிலயும் இருந்துருக்கு.

அந்த "ஒண்ணும் இல்ல"க்குள்ள என்ன இருக்குன்னு கொஞ்சம் விவரமா எழுதுதேன், ஏன்னா பேப்பர்ல இந்த எடத்துக்கு ரெண்டு வரிக்கு மேல நான் பாத்தது ரொம்பக் குறைவு.

ரெண்டு பெரிய பாறைக்கு நடுவுல ஒரு இடுக்கு வழி, அதுக்குள்ள நுழைஞ்சாத்தான் கோயில் தெரியும், அதுவரைக்கும் அங்க கோயில் இருக்குன்னே தோணாது. உள்ள போனா ஒரு பக்கம் பாறைச் சுவர் பூரா சிற்பம். வரிசையா சமண மதத்தோட குருமார்களான தீர்த்தங்கரர்கள், மூணு அடுக்குக் குடைக்குக் கீழ சம்மணம் போட்டு உக்காந்திருக்காங்க, பாம்பு படம் எடுத்து நிக்க பார்சுவநாதர் நின்ன கோலத்துல இருக்காரு, பக்கத்துல பத்மாவதி. கொஞ்சம் தள்ளி அம்பிகாங்குற சமண தேவி, கூட சிங்கம், ரெண்டு பிள்ளைங்க. எங்க மக அந்த அம்பிகாகிட்டதான் ரொம்ப நேரம் நின்னா. சிங்கம் வளர்ப்பு நாய் மாதிரி சாதுவா நிக்குன்னு சின்னவன் சொன்னான், அதுக்கு அவ, "அது சிங்கம்லே, பேசாம இரு"ன்னா.

இது சமணப் பள்ளியா, அதாவது சமணத் துறவிங்க தங்கி பாடம் சொல்லிக் குடுத்த எடமா இருந்துது. 9ஆம் நூற்றாண்டுல நம்ம பகுதிய ஆண்டது ஆய் ராஜாக்கள், மலைக்கு அப்ப பேரு திருச்சாரணத்து மலை. பாறையில சிற்பத்துக்குக் கீழ வட்டெழுத்துங்குற பழைய எழுத்துல கல்வெட்டு இருக்கு, சிற்பத்த செய்விச்சவங்க பேரும் அவங்க ஊரும் வெட்டி வச்சிருக்காங்க. எங்க மாமா 1956க்கு முன்னாடி, அதாவது குமரி மாவட்டம் தமிழ்நாட்டோட சேர்றதுக்கு முன்னாடி பள்ளிக்கூடம் போன ஆளு, முதல் வகுப்புல மலையாளம் எழுதிப் படிச்சவரு, அப்புறம் தமிழுக்கு மாறுனவரு. கண்ணாடிய தொடச்சுப் போட்டுட்டு கிட்ட போயி ரொம்ப நேரம் பாத்தாரு. "இது மலையாளமும் இல்ல, தமிழும் இல்லியே மக்ளே"ன்னாரு. எழுத்துதான் மாமா வேற, மொழி தமிழ்தான்னு சொன்னேன், அவருக்கு நம்பிக்கை வரல, ஒரு எழுத்தாவது பிடிபடுதான்னு மறுபடியும் முதல்ல இருந்து ஆரம்பிச்சாரு. அங்க உள்ள பேருல ஒண்ணு அச்சணந்திங்குற சமண முனிவரோடது. இதே அச்சணந்தி பேரு மதுரை ஆனைமலையிலயும் இருக்கு, திருநெல்வேலி பக்கம் ஏர்வாடியிலயும் இருக்கு. காரும் இல்ல, மேம்பாலமும் இல்ல, அந்த மனுசன் மதுரையில இருந்து இந்த மூலை வரைக்கும் நடந்திருக்காரு, போன எடத்துல எல்லாம் பாறையில பேரும் விட்டுட்டுப் போயிருக்காரு. வீட்டுக்காரரு உடனே, "நம்ம தக்கலைக்கே ஒரு மணிக்கூறு ஆச்சு"ன்னாரு.

எனக்கு மனசுல தங்குனது இன்னொரு கல்வெட்டு. விக்கிரமாதித்த வரகுணன்ங்குற ஆய் ராஜாவோட 28ஆம் ஆட்சி ஆண்டுல வெட்டுனது. பேராயக்குடி அரட்டநேமி படாரர்னு ஒரு சமண ஆசான், அவரோட மாணவி குணந்தாங்கிக் குரத்திகள், இந்த மலையில உள்ள பட்டாரியாருக்கு, அதாவது தேவிக்கு, பொன் நகை குடுத்ததச் சொல்லுது. குரத்தின்னா சமணத்துல பெண் துறவி, பாடம் சொல்லிக் குடுக்குற ஆசிரியைன்னும் சொல்லலாம். இத மககிட்ட சொன்னேன். அவ கேட்டா, "அப்ப லேடி டீச்சரா, ஆயிரத்து நூறு வருசத்துக்கு முன்ன, நம்ம மார்த்தாண்டத்துலயா?" அந்த கேள்விக்காகவே பெட்ரோல் காசு எனக்கு வசூல் ஆயிட்டு.

இன்னொரு விசயமும் சேத்து யோசிச்சுப் பாருங்க. இதே ஆய் வம்சத்துல கொஞ்சம் முன்ன இருந்த கருநந்தடக்கன், முஞ்சிறை பக்கத்துல பார்த்திவசேகரபுரத்துல பெருமாள் கோயில் கட்டி, கூடவே 95 மாணவர்கள் வேதம் படிக்குற ஒரு சாலையும் 866ல ஏற்படுத்துனாரு, அதுக்கு செப்பேடு இருக்கு. அங்கிருந்து சிதறால் கொஞ்ச தூரம்தான். அங்க ஒரு வேத பாடசாலை, இங்க மலை மேல ஒரு சமணப் பள்ளி, அதுல பொன் நகை குடுக்குற அளவுக்கு நிலைமை உள்ள ஒரு பெண் துறவி, எல்லாம் கிட்டத்தட்ட ஒரே காலம், ஒரே ராஜ குடும்பம். படிச்ச மாவட்டம் படிச்ச மாவட்டம்னு நாம பெருமை பேசும்போது மிஷன் பள்ளிக்கூடத்துல இருந்துதான் கணக்க ஆரம்பிப்போம். அந்த பள்ளிக்கூடங்கள் செஞ்சத யாரும் கொறைச்சு சொல்ல முடியாது, என் பாட்டி படிச்சதே அங்கதான், ஆனா கணக்கு அதுக்கு முன்னயும் இருக்கு.

கோயிலுக்குள்ள மகாவீரர், பார்சுவநாதர், தேவின்னு சன்னிதி. 13ஆம் நூற்றாண்டு வாக்குல இது பகவதி கோயிலா மாறிட்டு, இப்பவும் ஊர்க்காரங்களுக்கு இது பகவதி கோயில்தான். அம்மா போன உடனே செருப்ப கழட்டி வச்சுட்டு கையெடுத்துக் கும்பிட்டாங்க, அவங்களுக்கு சமணமா பகவதியாங்குற விசாரணையே கெடையாது. நம்ம நாகர்கோவில் நாகராஜா கோயில் தூண்லயும் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்காங்க, ஆவணி ஞாயித்துக்கிழமை பால் ஊத்த போற கூட்டத்துல எத்தன பேரு அத நின்னு பாத்திருப்பாங்க. நான் அதுக்கு அப்புறம்தான் ஒரு நாள் போயி தேடிப் பாத்தேன்.

இனி கோபுரம். கோயிலுக்குன்னு தனியா சுவர் எழுப்பி அது மேல கோபுரம் கட்டல. முன்னால துருத்திக்கிட்டு நிக்கிற ஒரு பெரும் பாறை, அதுக்கு அடியில உள்ள குகைதான் கோயில், முன்னால தூண் நிறுத்தி மண்டபம் மட்டும் கட்டியிருக்கு. அந்தப் பாறைய அப்படியே கூரையா வச்சுட்டு பாறை உச்சியில செங்கல்லால கோபுரம் எழுப்பிருக்காங்க. அதாவது கீழ சாமி, நடுவுல முழு மலைப்பாறை, மேல கோபுரம். இப்ப அது பாதிதான் இருக்கு, செங்கல் வரிசை வெளிய தெரியுது. வீட்டுக்காரரு பில்டிங் வேலையில உள்ள ஆளு, அவரு சிற்பத்த ரெண்டு நிமிசம் பாத்தாரு, இந்த செங்கல்ல அரை மணிக்கூறு பாத்தாரு. மலைக்கு மேல செங்கல்ல சுமந்து வரணும், சுண்ணாம்பு வரணும், தண்ணி வேணும், ரெண்டு மழைக்காலம் அடிக்குற ஊரு நம்ம ஊரு, ஜூன்ல ஒண்ணு அக்டோபர்ல ஒண்ணு, மேல நிழல் இல்ல மறைப்பு இல்ல, இடி எறங்குனா மொதல்ல அங்கதான் எறங்கும், இத்தனையும் தாண்டி இவ்வளவு நிக்குன்னா கொத்தனாரு சாதாரண ஆள் இல்லன்னாரு. கொத்தனாரு பேரு எந்தக் கல்வெட்டுலயும் இல்லியேன்னு மக கேட்டா. அவரு சிரிச்சாரு, "இப்பமும் அப்படித்தான மக்ளே"ன்னு.

அங்க நின்னு பாத்தா ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலை, கீழ தெங்கு, தெங்குக்கு நடுவுல குழித்துறையாறு, வெயில் தெளிவா இருந்தா தூரத்துல கடலும் ஒரு கோடு மாதிரி தெரியும். மாமா பாறையில துண்ட விரிச்சு உக்காந்தவரு எந்திரிக்கவே இல்ல. அம்மா தூங்கிட்டாங்க. பிள்ளைங்க ரெண்டும் சண்ட போடல, ஏன் போடலன்னு எனக்கு இன்னும் புரியல. போன்ல சிக்னல் இருந்துச்சு, யாரும் எடுக்கல. மதியச் சோத்த எறங்கி அடிவாரத்துல மரத்தடியில வச்சுத்தான் சாப்பிட்டோம், மேல வச்சு சாப்பிட வேண்டாம்னு மாமா சொல்லிட்டாரு, எலையும் கவரும் அங்க கெடக்கக் கூடாதுன்னு. ஆனா எங்களுக்கு முன்னால வந்தவங்க விட்டுட்டுப் போன சிப்ஸ் கவர் பாறை இடுக்குல இருக்கத்தான் செஞ்சுது, பாறையில ஹார்ட்டின் படம் போட்டு பேரு எழுதி வைக்குற காதலர்களும் இன்னும் ஓயல. அச்சணந்தி பேரு எழுதுனாரேன்னு கேக்காதீங்க, அவரு கூட சிற்பமும் செஞ்சு வச்சாரு.

கீழ எறங்கும்போது இன்னொரு குடும்பம் ஏறி வந்துச்சு, அந்த அக்கா மூச்சு வாங்கிட்டே, "இதுக்கு ஒரு கார் ரோடு போட்டா என்ன, வயசானவங்க எப்படி வருவாங்க"ன்னு கேட்டாங்க. நெறைய பேரு இத கேக்காங்க, ரோப் கார் வேணும்னு சொல்றவங்களும் உண்டு. என் அபிப்பிராயம் வேற, கொஞ்சம் கடுசாவே சொல்லுதேன். நடக்கவே முடியாதவங்களுக்கு, வீல் சேர்ல உள்ளவங்களுக்கு ஒரு வழி கண்டிப்பா யோசிக்கணும், அதுல மாற்றுக்கருத்து இல்ல. ஆனா மெதுவா நடக்க முடிஞ்ச வயசானவங்களுக்கு கேக்குறதா சொல்லி ரோடு கேக்குற முக்காவாசி பேரு நேரம் இல்லாதவங்க, கால் இல்லாதவங்க இல்ல. கோயில் வாசல் வரைக்கும் கார் போச்சுன்னா பத்து நிமிசத்துல பாத்துட்டு எறங்கிரலாம், எறங்கி மீதி எட்டு எடத்துக்கு ஓடலாம், அவ்வளவுதான். அந்த பாறை இடுக்குல ஹாரன் சத்தம் கேக்கணுமா? எங்க அம்மாவுக்கு வயசு எழுபத்தி மூணு, முட்டுக்கு மருந்து போட்டு கட்டிட்டுதான் வந்தாங்க, ஏறிட்டாங்க. அவங்களுக்கு வேண்டியிருந்தது அவசரப்படுத்தாத ஒரு குடும்பம், உக்கார எடம், குடிக்க தண்ணி.

சாப்பிட்டு முடிச்ச உடனே சின்னவன் மாத்தூர் தொட்டிப்பாலம் போவோம்னு அடம் பிடிச்சான், அது பக்கம்தான், 1966ல காமராஜர் முயற்சியில வந்தது, பறளியாத்துக்கு மேல 115 அடி உசரம், பாக்க வேண்டிய எடம்தான், ஆனா ரெண்டுன்னு சொன்னா ரெண்டுதான்னு மாமா சொல்லிட்டாரு. அதுக்குன்னு ஒரு நாள் தனியா போவோம்னு அவனுக்கு வாக்கு குடுத்தாச்சு.

கருங்கல் வழியா குளச்சல் வந்து, 1741ல மார்த்தாண்டவர்மா டச்சுக்காரன ஜெயிச்சதுக்கு கடற்கரையில வச்சிருக்க தூண கார்ல இருந்தே காட்டிட்டு, மண்டைக்காடு, மணவாளக்குறிச்சி தாண்டி கடியபட்டணம் வந்தோம். வழியில ஒரு கடையில நிறுத்தி சாயாவும் ஏத்தம்பழ பஜ்ஜியும். கடியபட்டணத்துக்கும் முட்டத்துக்கும் நடுவுல கடல ஒட்டுன அந்த மேட்டுல நிக்குது லைட் ஹவுஸ். கோபுரம்னு பாத்தா பெருசு இல்ல, கன்னியாகுமரி லைட் ஹவுஸ் பக்கத்துல வச்சா சின்னப் பிள்ளை. உசரம் முழுக்க குன்றுதான் குடுக்குது, அந்தக் காலத்துல எடத்த பாத்து பாத்து வச்சிருக்கான். கீழ கரைய ஒட்டி கடல்ல பூரா பாறை, தண்ணிக்கு மேல தெரியுறது கொஞ்சம், தெரியாதது அதிகம், அதுனாலதான் இங்க வெளக்கே வந்தது. சாயங்காலம் பார்வையாளர ஏத்துறதுக்குன்னு நேரம் வச்சிருக்காங்க, போறவங்க முன்னாடியே விசாரிச்சுட்டுப் போங்க.

உள்ள சுத்திச் சுத்தி படி. அம்மாவும் மாமாவும் கீழ கல்லுத்திண்டுல உக்காந்துட்டாங்க, ஒரு நாளைக்கு ஒரு கோபுரம் போதும்னாங்க. பிள்ளைங்கள கூட்டிட்டு நாங்க ஏறுனோம். மேல காத்துன்னா காத்து, மகளோட துப்பட்டா பறந்து போயிருக்கும், பிடிச்சுட்டோம். ஒரு பக்கம் முட்டம் பாறை, சினிமாக்காரங்க வந்து வந்து எடுத்த அதே பாறை, அந்தாண்ட மீன்பிடித் துறைமுகம், வரிசையா படகுகள், இந்தப் பக்கம் வள்ளியாறு கடல்ல சேருற எடம். கீழ வந்தப்ப மாமா ஒரு மீன்காரப் பெரியவர்கிட்ட பேச்சு குடுத்துட்டு இருந்தாரு. ஜிபிஎஸ் இருக்கே, இப்பவும் இந்த வெளிச்சம் வேணுமான்னு கேட்டிருக்காரு. அதுக்கு அவரு, "மிசின் சொல்லுற எடத்த கண்ணு பாத்தாத்தான சாரே மனசு நம்பும்"னு சொன்னாராம். கடலுக்கு போறவங்க சொன்னா அதுதான் சரி, நம்ம அதுல கருத்து சொல்ல என்ன இருக்கு.

வீடு வந்து சேரும்போது மணி எட்டு கூட ஆகல. யாரும் மூலைக்கு மூலை படுக்கல, அம்மாவே தோசை சுட்டாங்க. மறுநாள் மக நோட்டுல வட்டெழுத்து எழுதிப் பழக ஆரம்பிச்சிருக்கா, போன்ல பாத்து. தாத்தாவுக்கு ஒரு எழுத்து கூட பிடிபடலங்குறது அவளுக்கு பெரிய சவால் ஆயிட்டு, தாத்தாவும் பக்கத்துல ஒரு பென்சிலோட உக்காந்துருக்காரு.

இனி நான் கேக்குற விசயம். மாவட்டத்துல புதுசா எதுவும் கட்டச் சொல்லி எழுதல, பாலம், பார்க், செல்ஃபி பாயிண்ட் எல்லாம் போதுமான அளவு இருக்கு. இருக்குறத சொல்லுங்கன்னுதான் கேக்குதேன். சிதறால்ல ஒவ்வொரு சிற்பத்துக்கும் கல்வெட்டுக்கும் பக்கத்துல, பாறையத் தொடாம, தள்ளி ஒரு சின்ன பலகை வச்சு இன்ன எழுத்து, இன்ன வருசம், இப்படித்தான் எழுதியிருக்குன்னு இன்னிக்கு எழுத்துல எழுதி வச்சா போதும், குணந்தாங்கிக் குரத்தி பேர ஏறி வாற ஒவ்வொரு பொம்பளப் பிள்ளையும் வாசிச்சுட்டுப் போகும். பள்ளிக்கூடத்துக்காரங்க பிள்ளைங்கள வண்டலூருக்கும் தீம் பார்க்குக்கும் டூர் கூட்டிட்டுப் போறாங்க, தப்பில்ல, வருசத்துக்கு ஒரு நாள் இந்த மலைக்கும் கூட்டிட்டுப் போங்க, போயி ரெண்டு மணிக்கூறு உக்கார விடுங்க. பேருந்து வசதியும் பாக்கணும், கார் இல்லாத குடும்பம் மார்த்தாண்டத்துல எறங்கி ஆட்டோவுக்கு குடுக்குற காசு சின்னக் காசு இல்ல.

உங்க பேப்பருக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. அந்த லீவுப் பக்கத்துல பத்து எடத்த போடுறதுக்கு பதிலா வாரத்துக்கு ஒரு எடம் போடுங்க, படம் சின்னதா இருந்தாலும் பரவால்ல, கல்வெட்டு வாசிக்கத் தெரிஞ்சவங்க யாரையாவது பிடிச்சு எழுதச் சொல்லுங்க. சிதறால்ல ஆரம்பிக்கலாம், அடுத்து திருநந்திக்கரை குகைக்கோயில், அப்புறம் நான் மேல சொன்ன பார்த்திவசேகரபுரம். எங்க வீட்டுல அத வெட்டி நோட்டுல ஒட்டுறதுக்கு ஒரு ஆளும், அதுல தப்பு கண்டுபிடிச்சு உங்களுக்கு லெட்டர் போடுறதுக்கு கைத்தடியோட இன்னொரு ஆளும் ரெடியா இருக்காங்க.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
நாகர்கோவில்